கோயில் படியில் விட்ட சப்பாத்து

நான் பிரான்சுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் தங்கச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சுங்கை பட்டாணியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் பாரிஸ் எப்படி, அந்தக் கோபுரத்தில் ஏறினீர்களா என்றே கேட்கிறார்கள். நான் பாரிசையும் பார்க்கவில்லை, கோபுரத்தையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கல். மலை உச்சியில் கல் வீடு, கல் தெரு, கல் வளைவு. எழுநூறு எண்ணூறு வருஷத்துப் பழைய கிராமங்கள். ஜன்னல் சாத்தியிருக்கும், வாசலில் ரோஜா பூத்திருக்கும், மனுஷ முகம் மட்டும் இருக்காது.

கூடப் பிறந்ததில் எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் சுங்கை பட்டாணியில் மின்சாதனத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அவள் பினாங்கில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே விடுமுறைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரைப் பிடித்துப்போய், கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். மாப்பிள்ளை என்ன வேலை என்று அப்பா கேட்டார். கொத்தனார் என்றாள். கொத்தனார் எப்படி விமானம் ஏறி விடுமுறைக்கு வருவார் என்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. கல்யாணம் எங்கள் மாதா கோயிலிலேயே நடந்தது. அப்புறம் போனவள்தான். முப்பது வருஷத்தில் மூன்று நான்கு முறை வந்திருப்பாள்.

அந்த மாப்பிள்ளை போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. என் வீட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார். என் மகன் ஜொகூரில், மகள் சிங்கப்பூரில். அங்கே அவள் தனியாக ஒரு மலைக் கிராமத்தில், இங்கே நான் தனியாக ஒரு மாடி வீட்டில். இரண்டு பொம்பளைகள் உலகத்தின் இரண்டு மூலையில் ஆளுக்கொரு சட்டியில் ஆளுக்கொரு முட்டை பொரித்துச் சாப்பிடுவதில் என்ன அர்த்தம்? நானே முடிவு செய்தேன். கீழ் அறையைக் காலி செய்து பெயிண்ட் அடித்தேன். ஏர்கோன் போட்டேன். அவளுக்கு முழங்கால் வலி என்பதால் உயரமான கட்டில் வாங்கினேன். பக்கத்துக் குளியலறையில் பழைய குந்து கக்கூசை எடுத்துவிட்டு, உட்காருகிற மாதிரி வைத்தேன். எல்லாவற்றையும் போனில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மொதல்ல நீ வாக்கா, பேசிக்கலாம்" என்றாள். பேசிக்கலாம் என்றால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சாமான்களை அடைக்க ஒரு பெரிய காலிப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய் இறங்கிய மறுநாள் காலையில் பசியாறி முடிப்பதற்குள் காடிச் சாவியை எடுத்துவிட்டாள். காடி என்றால் எங்கள் பக்கத்தில் கார். வா, ஒரு ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். சரி, வழியில் பேசலாம் என்று ஏறினேன். வழியெல்லாம் வளைவு. எனக்கு வயிற்றைப் புரட்டியது, பேச முடியவில்லை. காடியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறச் சொன்னாள். அந்த ஊர்களுக்குள் காடி போகாது. கழுதை போகிற அளவுக்குத்தான் தெருவே விட்டிருக்கிறார்கள். ஏறினால் சிவப்புக் கல்லில் கட்டிய கூரான கூரை வைத்த வீடுகள், ஒன்றின் தோளில் இன்னொன்று சாய்ந்து நிற்கிறது. மேலே இடிந்த கோட்டை. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எங்கே போனைக் காட்டினாலும் படம் விழும். ஆனால் நான் அங்கே படம் எடுக்கவா போனேன்?

மூச்சு வாங்க ஒரு சுவரில் சாய்ந்து, எப்போது கிளம்பலாம் என்று ஆரம்பித்தேன். அவள் அந்தச் சுவரைத் தடவினாள். இது மாப்பிள்ளை திருப்பிக் கட்டிய சுவர் என்றாள். பழைய கல்லையே கழுவி எடுத்து, பழைய மாதிரியே அடுக்கி, சுண்ணாம்பு போட்டுப் பூசியது. எது பழசு எது புதுசு என்று சொல்லு பார்க்கலாம் என்றாள். எனக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே கல்லாகத்தான் இருந்தது.

மறுநாள் இன்னொரு ஊர். அதற்கு மறுநாள் வேறொன்று. ஒன்றில் ஊர் நடுவே சந்தைக் கொட்டகை, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தூண்களில் நிற்கிறது. சந்தை எங்கே என்றால் வியாழக்கிழமைதானாம். ஒன்றில் ஆற்றுக்கு மேலே தொங்குகிற மாதிரி வீடுகள். ஒன்றில் ஊரைச் சுற்றி மதில், மதிலுக்கு நாலு வாசல், வாசலுக்கு மேல் முன்காலத்தில் எதிரி தலையில் கொதிக்கிற எண்ணெய் ஊற்றுகிற துவாரம். எல்லா ஊரிலும் ஒரு சுவரோ, ஒரு கூரையோ, ஒரு படிக்கட்டோ காட்டுவாள். இது அவர் செய்தது. நான் தலையை ஆட்டிவிட்டு என் கேள்வியைக் கேட்பேன். அக்கா, இந்தப் பூவைப் பாரேன் என்பாள்.

எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நின்றே வேலை செய்தவள். அந்த ஊர்க் காப்பிக் கடைகளில் தங்கச்சி ஒரு சின்னக் கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவாள். கோப்பை என்றால் நம் வீட்டு உப்பு ஜாடி மூடி அளவு. ஒரு மடக்கில் முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வது? நான் எழுந்து தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். ஈ காக்கா இருக்காது. மத்தியானம் ஆனால் கடைகளும் சாத்திவிடுவார்கள். எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசம் வராது. இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால், இந்த வீடு லண்டன்காரருடையது, கோடையில் வருவார், அந்த வீடு பாரிஸ்காரருடையது, பண்டிகைக்கு வருவார் என்கிறாள். அப்படியானால் பூனைகளுக்குத்தான் இவ்வளவு பெரிய ஊரா என்று கேட்டேன். சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் சிரித்தால் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

ராத்திரியும் வராது அங்கே. பத்து மணி வரைக்கும் வெளிச்சம். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஜெபம் சொல்லி முடித்தாலும் வெளியே பகல் அப்படியே நிற்கும். எப்போதடா இந்த நாள் முடியும் என்று இருக்கும்.

பழைய கல் எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் வருஷத்துக் கோயில்களின் அடித்தளம் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது நாங்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து நாசி லெமாக் தின்றோம். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. எங்கள் தோட்டத்து லயத்தை, நாங்கள் இருந்த வரிசை வீடுகளை, இடித்து வீடமைப்புக்கு நிலத்தைக் கொடுத்தபோதும் நான் அழவில்லை. மழை பெய்தால் ஒழுகும், கக்கூஸ் வெளியே, மூட்டைப் பூச்சி. போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது. அப்படிப்பட்டவளிடம், இந்த ஊரில் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதென்றால்கூட அனுமதி வாங்க வேண்டும், நிறம் மாறக்கூடாது என்று பெருமையாகச் சொன்னால் என்ன ஆகும்? அடக் கடவுளே, நான் உன் அறைக்கு ஒரே நாளில் மூன்று நிறம் மாற்றி அடித்தேன் என்றேன். அதற்கும் சிரிப்பு.

இரண்டு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் வரப்போகிறது. ஒன்று கக்கூஸ். அந்த நாட்டில் கக்கூசில் தண்ணீர் கிடையாது, காகிதம்தான். தங்கச்சி வீட்டிலும் அப்படித்தான். அத்தனை அழகான ஊர்களிலும் நான் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டே அலைந்தேன். கோட்டை கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாளியும் காயோங்கும் வைக்கத் தெரியவில்லையே என்று தினமும் ஒரு முறையாவது திட்டியிருப்பேன். காயோங் என்பது தண்ணீர் மொண்டு ஊற்றுகிற, கைப்பிடி வைத்த குவளை. எங்கள் பக்கத்தில் அது இல்லாத குளியலறை கிடையாது.

இன்னொன்று சப்பாத்து. எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னக் கோயில் இருந்தது, தகரக் கூரை, மாதா சுரூபம், நாலு பெஞ்சு. வாசலில் சிலிப்பரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். சாமி இருக்கிற இடத்தில் யாராவது செருப்போடு போவார்களா? சுங்கை பட்டாணியில் பெரிய கோயிலுக்குச் சப்பாத்தோடுதான் வருகிறார்கள். நான் மட்டும் இன்னும் கழற்றுவேன். என் மகளுக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். பிரான்சிலும் ஒவ்வொரு ஊர்க் கோயில் படியிலும் கழற்றினேன். அந்தக் கல்தரை ஐஸ் மாதிரி குளிரும். தங்கச்சி போட்டுக்கொண்டே உள்ளே போவாள். முன்பெல்லாம் நீயும் கழற்றுவாயே என்றேன். இங்கே கழற்றினால் நிமோனியாதான் வரும் என்றாள். என் சப்பாத்து பழுப்பு நிறம், குதிகால் வலிக்கு என்று மகள் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. என் வயசில் காலுக்குச் சரியான சப்பாத்து கிடைப்பது லேசா?

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டை உச்சியில், கீழே ஆறு வளைந்து ஓடுகிற இடத்தில், ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பொங்கிவிட்டேன். ஆறு மெர்போக்கிலும் ஓடுது, நீ வர்றியா இல்லையா, அதைச் சொல்லு என்று கத்தினேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் நகர்ந்து போனார்கள். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், சொல்கிறேன் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரில் பழைய சாமான் சந்தையாம். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் பரணில் கிடப்பதை எடுத்து வாசலில் பரப்பி விற்பார்களாம். அதில் அவளுக்கு நிறைய வேலை இருக்கிறதாம்.

அவள் வீடு ஊரின் அடிவாரத்தில். மாப்பிள்ளையின் பட்டறை மேலே, கோயிலை ஒட்டினாற்போல். நான் போனதிலிருந்து அந்தப் பட்டறை பூட்டியே இருந்தது. திறந்து காட்டு என்று ஒரு முறை கேட்டேன். உள்ளே ஒரே தூசி என்றாள். சனிக்கிழமை அவள் அங்கிருந்து சாமான்களை வெளியே எடுத்து வைப்பதைப் பார்த்தேன். ஏணிகள், பலகைகள், பழைய நாற்காலி, கல் உளி, ஒரு சாய்வு மேசை. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. புருஷன் கை பட்ட சாமானை ஒரு பொம்பளை எப்போது விற்பாள்? ஊரைக் காலி செய்கிறபோதுதானே! எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மகளுக்குப் போன் போட்டு, சித்தி வருகிறாள், கீழ் அறைக்கு மெத்தை உறை வாங்கி வை என்றேன். அவளே சொல்லட்டும் என்று தங்கச்சியிடம் வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாள் அதுதான்.

ஞாயிறு காலையில் அந்தச் செத்த ஊருக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. பூட்டிக் கிடந்த கதவெல்லாம் திறந்திருந்தது. படிக்கட்டிலும் திண்டிலும் கிணற்று விளிம்பிலும் பீங்கான், விளக்கு, பொம்மை, துருப்பிடித்த சாவி. முதல் முறையாக எனக்கு அந்த ஊர் பிடித்தது. நம் பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை மாதிரி ஆள் நடமாட்டம். தங்கச்சி பட்டறை முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வியாபாரம் மும்முரமாக நடந்தது. நான் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனேன்.

அன்றைக்குப் பூசை இல்லை. அந்த ஊருக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். ஆனால் கோயில் திறந்திருந்தது. வழக்கம்போல் படியில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தேன். பக்கத்தில் ஒரு கிழவி துணி விரித்துக் கடை போட்டிருந்தாள். அவள் என்ன விற்கிறாள் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போய் முழந்தாளிட்டு, என் தங்கச்சி மனசை மாற்றினதுக்கு ஸ்தோத்திரம் தாயே என்று அழுது, மூக்கைச் சிந்தி, நிதானமாக வெளியே வந்தேன்.

படி காலியாக இருந்தது.

கிழவியின் விரிப்பைப் பார்த்தேன். பிள்ளைகளின் பூட்ஸ், ஆணி அடித்த பழைய சப்பாத்து, நடனச் சப்பாத்து. அவள் விற்றதே சப்பாத்துதான்! என்னுடையதையும் தன்னுடையது என்று நினைத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் என் வெறுங்காலைக் காட்டினேன், அவள் விரிப்பைக் காட்டினேன், கையை ஆட்டினேன். கிழவிக்குப் புரிந்ததும் முகம் வெளுத்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டு, தங்கச்சி பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அப்புறம் அவள் செய்ததைப் பார்க்க வேண்டும். கிழவியைத் திட்டினாள், உடனே கட்டிப்பிடித்தாள். யார் வாங்கினார்கள் என்று விசாரித்தாள். தொப்பி போட்ட ஒரு அம்மாவாம், வெளியூராம். ரொட்டிக்காரரை வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு ஓட விட்டாள். மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்த ஊர்த் தலைவரிடம் போய் மைக்கைப் பிடுங்கி, தானே என்னமோ அறிவித்தாள். ஊரே சிரித்தது. ஊரே தேடியது. வயசான ஒருத்தர் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி எனக்கு நீட்டினார். எல்லாரும் அவளை ஏதோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கையை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியில் எங்கள் அம்மா நின்ற மாதிரி நின்றாள். நான் கோயில் படியில் குளிர்ந்த காலோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவளா தனியாக இருக்கிறாள்?

சப்பாத்து கிடைக்கவில்லை. தொப்பிக்காரி போய்விட்டாள். தங்கச்சி வந்து என் கால் விரலைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருக்கிறதே என்றாள். வீட்டுக்கு இறங்கிப் போகும் வழியெல்லாம் கல். பட்டறையில் மாப்பிள்ளையின் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள் என்றாள். அதை மட்டும் விற்கவில்லையாம். சாவியை எடுத்தவள் கதவின் முன் கொஞ்சம் நின்றாள். நாளைக்குத்தான் உன்னைக் கூட்டி வர நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டே திறந்தாள்.

உள்ளே தூசி இல்லை. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. விற்ற சாமான்களை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு முன்பே வேலையை முடித்திருக்கிறாள். ஜன்னலோரம் ஒரு கட்டில், மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. சுவரில் மாதா படம். ஒரு மூலையில் சின்னச் சமையல் அடுப்பு, அதன்மேல் ஒரு புது குவாலி, நம் வாணலிதான். வறுக்கிற புகை வெளியே போக மேலே ஒரு சின்ன ஜன்னலும் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு கதவு. நான் போய்த் தள்ளினேன். குளியலறை. கக்கூசுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு குழாய், குழாய்க்குக் கீழே ஒரு வாளி, வாளியில் ஒரு சிவப்புக் காயோங்.

நான் காயோங்கைக் கையில் எடுத்தேன். பெரிய டவுனில் வியட்நாம்காரர் கடையில் தேடி வாங்கினாளாம். இது யாருக்கு என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது?

"தெனம் ஒரு ஊரா ஒன்னக் கூட்டிட்டு அலஞ்சேனே, எதுக்குன்னு நெனச்சே?" என்றாள். "பாத்தா புடிக்கும், புடிச்சா இருந்துருவேன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படிச் செய்வாய் என்றேன். நான் என்ன ஆடா மாடா, கொட்டகை கட்டி வைத்தால் வந்து படுத்துக்கொள்ள? எனக்கு வீடு இல்லையா, கோயில் இல்லையா, ஊர் இல்லையா?

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. "நீ ரூமுக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் காயோங்கை வைத்துக்கொண்டு நின்றேன். உனக்காகத்தானே அடித்தேன் என்றேன். எனக்காகவா என்று அவள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அவளுக்கு நான் பொய் சொன்னால் தெரியும், சின்ன வயதிலிருந்தே. அந்த வீட்டில் சாயங்காலமானால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். மாடியில் யாரோ நடக்கிற மாதிரி இருக்கும், யாரும் இருக்க மாட்டார்கள், டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன். இதை என் பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை.

அவளும் சொன்னாள். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. கோழிக்கு ரொட்டி போடும்போது கோழியிடம் தமிழில் பேசுவாளாம். ஆனால் வர முடியாது என்றாள். "அவரு இங்கதான்க்கா இருக்காரு. நீயே பாத்தியே, ஊரு ஊரா." அந்தச் சுவர்களைத்தான் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன், பார்க்கவில்லை.

அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் உறையின் மேல் உட்கார்ந்திருந்தோம். வெளியே மைக்கில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மாப்பிள்ளையின் ரப்பர் பூட்சை எடுத்து, உள்ளே கையை விட்டுத் தட்டி, என் காலில் மாட்டினாள். பெரிய பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு டபக் டபக் என்று கோயிலைச் சுற்றி, மதிலைச் சுற்றி, கீழே வீடு வரைக்கும் நடந்தேன். வழியில் ஒரு இடத்தில் நின்று, இந்தச் சுவர் அவர் கட்டியதா என்று நானே கேட்டேன். இல்லை, அது பழசு என்றாள்.

அந்த வாரமே நான் கிளம்பிவிட்டேன். இரு என்று அவள் கெஞ்சவில்லை, வா என்று நானும் இழுக்கவில்லை. காலுறைக்கு மேல் ஜப்பான் சிலிப்பரை, அந்த வார் வைத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். பணிப்பெண் என் காலை ஒரு மாதிரி பார்த்தாள். காலிப் பெட்டியில் தங்கச்சி சவுக்காரமும் வால்நட்டும் ஜாமும் அடைத்துக் கொடுத்திருந்தாள். சுங்கை பட்டாணியில் எல்லாருக்கும் கொடுத்தேன். அந்தச் சவுக்காரத்தை வைத்துத்தான் நான் பாரிசுக்குப் போனதாக முடிவு கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் கீழ் அறை அப்படியே இருந்தது. நான் சொன்னபடி மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து மெத்தை உறை வாங்கிப் போட்டிருந்தாள். மகன் ஜொகூரிலிருந்து போன் செய்து, சித்திதான் வரவில்லையே, தாதிப் படிப்புப் பிள்ளைகளுக்கு அந்த அறையை வாடகைக்கு விடலாமே அம்மா, துணையாகவும் இருக்கும் என்றான். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தினமும் அந்த அறையைக் கூட்டினேன். சாயங்காலமானால் வழக்கம்போல் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, முன் வாசலுக்கும் பின் வாசலுக்குமாக நடந்தேன். கூடத்தில் நடக்கும்போது ஒரு நாள் சிரிப்பு வந்தது. அந்த ஊர்களில் மலையாவது ஏறினேன், இங்கே குளிர்பெட்டியைத்தான் சுற்றி வருகிறேன்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் தங்கச்சியின் போன் வந்தது. குரலில் சிரிப்பு. என் சப்பாத்து கிடைத்துவிட்டதாம். தொப்பிக்காரி வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தாளாம், காலுக்குச் சேரவில்லை. உள்ளே காலுறை வேறு சுருட்டி வைத்திருக்கவே, இது யாரோ கழற்றி வைத்தது என்று புரிந்து, பாவம், அவ்வளவு தூரம் திரும்பி வந்து கிழவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கிழவி அதற்குப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தாளாம்.

"தபால்ல அனுப்பி வைக்கவா?" என்று கேட்டாள்.

நான் கீழ் அறைக் கதவைப் பார்த்தேன். டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். போய் அணைத்தேன்.

"அனுப்பாதே," என்றேன். "அங்கேயே வை. வந்து போட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வாசல்ல வைக்க மாட்டேன்லா," என்றாள். "மறுபடியும் எவளாச்சும் வித்துருவா. உள்ள வைக்கிறேன், வாளி பக்கத்துல."

வாளி பக்கத்தில் வைத்தால் நனைந்து போகும், கட்டிலுக்கு அடியில் வை என்று திட்டினேன்.